சிவப்பு தெரியாத என் மகளுக்கு

எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகத் தரையை விட்டு நாலாயிரம் அடி எழும்பி, மேகத்துக்குத் தோள் கொடுத்து நின்ற மகாராணிக்கு, காளவாசல் பெயிண்ட் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தியும் ஆயிரத்தெட்டு நிறங்களின் அதிபதியும் உன்னைப் பெற்றவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். சுகமா என்று மட்டும் கேட்டுவிடாதே, அதைச் சொல்லத்தான் இம்புட்டு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெயில் அடிக்கிற அடியில் பைபாஸ் ரோட்டுத் தார் இளகி, போன வாரம் ஒரு மினி பஸ் கால் கிலோமீட்டர் ரோட்டையே டயரில் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. நம்பாவிட்டால் போ. ஆனால் இதற்குக் கீழே இருப்பதை மட்டும் நம்பு. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதை அளக்காமல் எழுதப் பார்க்கிறேன். பழகின கை, நடுவில் தானாக அளந்துவிட்டால் அந்த வரியைத் தாண்டிப் படி. எழுதி முடித்ததும் நம்ம கடை இஸ்மாயில் பாய் இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவார். தபாலில் போட்டால் நீ கிழவியான பிறகுதான் வந்து சேரும், வெள்ளிக்கிழமைக்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை உனக்கு விளக்குச் சோதனை. ஒத்தக்கடையிலிருந்து உங்கள் ஊருக்குப் படிக்கப் போன டீச்சர் வீட்டுப் பெண்ணின் பெட்டியில், நார்த்தங்காய் ஊறுகாய் டப்பாவுக்கு அடியில், இரண்டு பாலித்தீன் பைக்குள் சுற்றி நான் அனுப்பிய சாமான் இப்போது உன் அறையில் இருக்கிறது. சிவப்புச் சாயம் ஏற்றிய லென்ஸ். ஒற்றைக் கண்ணில் ஒட்டிக்கொண்டால் தெரியாத நிறம் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம் கொடுக்கும், சோதனையில் அதைப் போடக் கூடாது, போட்டால் யாரும் கிட்டே வந்து கண்ணுக்குள் பார்த்தால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது. இவ்வளவையும் விசாரித்துத்தான் வாங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "அப்பா, போட்டுக்கவா?" என்று கேட்டாய். உன் குரல் அப்படிச் சின்னதாக நான் கேட்டதே இல்லை. நான் என்ன சொன்னேன்? "போட்டுக்க தாயி. கண்ணுல தூசி விழுந்துச்சுன்னு நெனச்சுக்க. நாலு வெளக்கு, நாலு பதிலு, அம்புட்டுத்தான். அப்புறம் கழட்டி வீசிட்டு ராத்திரியெல்லாம் பறந்துக்கிட்டே இரு." நீ "ம்" என்று வைத்துவிட்டாய். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். உன் மருத்துவச் சான்றிதழில் ஒரு வரி அடித்திருக்கிறார்கள். இரவில் பறக்கக் கூடாது, நிற விளக்குச் சைகையை நம்பிப் பறக்கக் கூடாது. அந்த ஒரு வரி இருக்கும்வரை உனக்குப் பகல் மட்டும்தான். ஆள் ஏற்றிப் போகிற பெரிய விமானத்தில் எவனும் உன்னை உட்கார வைக்க மாட்டான். அந்த வரியை அழிக்க உனக்கு இருக்கிற ஒரே வழி விளக்குச் சோதனை. விமானதளத்துக் கோபுரத்திலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு விளக்கை உன்னை நோக்கிக் காட்டுவார்கள். (கோபுரம் என்றதும் உன் அம்மா, நம்ம கோயில் கோபுரம் மாதிரி பொம்மையெல்லாம் இருக்குமா என்றாள். இருக்கும், எல்லாப் பொம்மையும் சட்டை டை போட்டிருக்கும் என்றேன்.) சிவப்பா, பச்சையா, வெள்ளையா என்று விளக்கு அணையுமுன் நீ சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த வரி போய்விடும். தப்பினால் அது கல்வெட்டு, இன்னொரு தடவை கேட்க முடியாது. போகாமலே இருந்தால் இப்படியே காலம் முழுக்கப் பொழுது சாயுமுன் தரை இறங்குகிற கோழிக்குஞ்சு வாழ்க்கை. மூன்று பக்கமும் சுவர். நாலாவது பக்கத்தில் உன் தகப்பன் ஒரு லென்ஸைக் கொண்டுவந்து வைத்து, இதுதான் கதவு என்று சொன்னான்.

அதற்கு முன்னால் ஒரு போன் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மாசம் இருக்கும். கடையில் கூட்டமான நேரம். "அப்பா, இங்க டாக்டரு குடும்பத்துல யாருக்கும் இது இருக்கான்னு கேக்குறாரு. ஒங்களுக்கு இருக்கா?" என்றாய். நான் கல்லாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். "யாருக்கு? எனக்கா? ஏத்தா, மதுர ஜில்லாவுல பாதிச் செவுத்துக்கு வர்ணம் குடுத்தவன் நானு! பெயிண்ட் கடைக்காரனுக்குக் கலர் தெரியலன்னா பூசாரிக்குச் சாமி தெரியலங்கிற மாதிரி!" என்று கடையே அதிரச் சிரித்தேன். நீயும் கொஞ்சம் சிரித்தாய். பிறகு, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா. இது முக்கியம்" என்றாய். "முக்கியமாத்தான் சொல்றேன். கழுகுக் கண்ணு" என்றேன். சரிப்பா என்று வைத்தாய். அன்றிலிருந்து நீ அம்மாவிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. "புள்ள என்கிட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டேங்குது மாமா" என்று அவள் என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். வேலை அதிகம் இருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். எனக்கு அப்போது சத்தியமாக விளங்கவில்லை.

இப்போது கேள். உன் தகப்பனுக்குச் சிவப்பு தெரியாது. பச்சை என்று நீங்கள் சொல்வதும் காவி என்று நீங்கள் சொல்வதும் எனக்கு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இருபத்து மூன்று வயதில் ரயில் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை எழுதி, எங்கள் பக்கத்தில் யாருமே வாங்காத மார்க்கு வாங்கி (இது அளப்பு, தாண்டிப் படி), கடைசியாகக் கண் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு புள்ளிப் புத்தகத்தை விரித்தார். முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்றேன். இரண்டாம் பக்கத்தில் புள்ளி மட்டும் இருந்தது. "என்ன நம்பர்?" என்றார். "நம்பரா? எங்க சார்?" என்றேன். அவர் இன்னும் ஏழெட்டுப் பக்கம் பொறுமையாகப் புரட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினார். அந்த மூடல் சத்தம் ஒன்றுதான் எனக்குக் கிடைத்த தீர்ப்பு. வீட்டுக்கு வந்து, "என்ஜின்ல சன்னல் சிறுசா இருக்கு, நம்ம தலை கொள்ளாது, வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன். அந்தக் கதை செக்கானூரணி வரை போய்த் திரும்பி வந்தபோது, பெரிய அதிகாரி ஒருவர் என் காலைப் பிடித்துக் கெஞ்சியதாக வளர்ந்திருந்தது. நான் மறுக்கவில்லை. அந்த வருஷமே உன் அம்மாவை எனக்குப் பேசி முடித்தார்கள். அக்கா மகள், முறைப்பெண், பிறந்ததிலிருந்தே எனக்கென்று சொல்லி வளர்த்தவள். ரயிலையே வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை என்று அவளுக்குக் கொள்ளைப் பெருமை. அந்தப் பெருமையைத் தாலியோடு சேர்த்துக் கட்டிவிட்டு அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தினேன்.

நிறம் தெரியாதவன் எதற்குப் பெயிண்ட் கடை வைத்தான் என்று கேட்பாய். எவனும் சந்தேகப்படாத இடம் அது ஒன்றுதான். டப்பாவில் நம்பர் இருக்கிறது, கலக்குகிற மெஷினுக்கும் நம்பர் போதும். வாடிக்கையாளர் கையில் அட்டையைக் கொடுத்து, "நீங்களே சொல்லுங்க, ஒங்க ரசனைக்கு முன்னாடி நான் எம்மாத்திரம்?" என்று கும்பிட்டால், அவரே நிறத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். இதற்கு எனக்கு மரியாதை தெரிந்த கடைக்காரர் என்று பெயர் வேறு. இஸ்மாயில் பாய் மட்டும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே பிடித்துவிட்டார். "அண்ணே, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? ஒங்களுக்குச் செவப்பு தெரியாதுதானே?" "எவன் சொன்னான்?" "யாரும் சொல்லலண்ணே. காவி டப்பாவையும் பச்ச டப்பாவையும் ஒண்ணா அடுக்கி வச்சிட்டு, ஒரே மாதிரி என்னா அழகா இருக்கு பாருங்க பாய்னு சொன்னீங்க." அதோடு அவர் என் கண்ணானார். சிவப்பு என்றால் ஒரு இருமல், பச்சை என்றால் ஒரு செருமல். இருபது வருஷமாக அவருக்கு நெஞ்சுச் சளி என்று காளவாசலே நம்பிக்கொண்டிருக்கிறது.

அவர் இல்லாத நாளில் என்ன ஆகும் என்பதற்குத் திருநகர் வீடு சாட்சி. பாய் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்த சமயம், ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துண்டைக் கொண்டுவந்து, இதே சாம்பல் நிறம் வேண்டும் என்றார். நானே பார்த்து, நானே பொருத்தி, இருபது லிட்டர் கொடுத்தனுப்பினேன். நாலாம் நாள் மனுஷன் மீசையோடு வந்து நின்றார். வீடு முழுக்கப் பஞ்சுமிட்டாய் நிறம். தெருப் பிள்ளைகள் வாசலில் வந்து நாக்கை நீட்டுகிறார்களாம். "சார், ரிட்டயர் ஆன ஆபீசர் வீடுன்னா இப்ப இதான் சார் மரியாதை. சாம்பலெல்லாம் கான்ஸ்டபிள் கலரு" என்றேன், கண் இமைக்காமல். அவர் யோசித்தார். திரும்பிப் போனார். அடுத்த மாதத்துக்குள் அதே தெருவில் இன்னும் இரண்டு பேர் பஞ்சுமிட்டாய் கேட்டு வந்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன் தாயி. வாய் இருந்தால் கண் வேண்டாம் என்று எனக்கு அன்றைக்கு உறுதியாகிவிட்டது. அந்த உறுதியைத்தான் உன் தலையில் கட்டினேன்.

உனக்கும் இருக்கிறது என்று எனக்கு உன் ஏழாவது வயதிலேயே தெரியும். மாடியில் அம்மா வைத்திருந்த மிளகாய்ச் செடியில் பழுத்ததை மட்டும் பறித்து வா என்று அனுப்பினாள். நீ காய், பழம், பிஞ்சு எல்லாவற்றையும் பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்து நின்றாய். "கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்று அவள் கத்தினாள். நான் ஒரு மிளகாயை எடுத்துப் பார்த்தேன், எனக்கும் எது பழம் என்று தெரியவில்லை. நீயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்க வேண்டும். "விடு, வெளையாட்டுப் புள்ள" என்று சிரித்து மூடினேன். பிறகு, விமானம் ஓட்டப் போகிறேன் என்று நீ சொன்னபோதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் அந்தப் புள்ளிப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, பாயை ஒவ்வொரு பக்கமாகப் படிக்கச் சொல்லி, நிற அட்டையின் பின்பக்கத்தில் எண்களை வரிசையாக எழுதி உன் கையில் கொடுத்தேன். "மனப்பாடம் பண்ணு. நம்ம வீட்டுல எல்லாருக்கும் இது கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும்" என்றேன். எல்லாருக்கும் என்று ஒரு சொல்லைப் போட்டு என்னை மறைத்துக்கொண்டேன். இங்கே முதல் சோதனையில் நீ கடகடவென்று ஒப்பித்துப் பாஸானாய். நான் கடையில் எல்லாருக்கும் அல்வா கொடுத்தேன். கடல் தாண்டிப் போனதும் அங்கே டாக்டர் பக்கங்களைக் கலைத்துப்போட்டுக் காட்டினார். அந்த வரி சான்றிதழில் விழுந்தது. நீ படிப்புக்கு நடுவில், ஊருக்கும் திரும்ப முடியாமல் மேலேயும் போக முடியாமல் மாட்டிக்கொண்டாய். மாட்டிவிட்டவன் நான்.

உனக்கு அங்கே பறக்கச் சொல்லித் தருகிற கேப்டன் மாதிரி ஒரு மனுஷர் எனக்கு அந்த வயதில் கிடைத்திருந்தால் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். உன்னைப் போல வரி விழுந்தவர்களை மட்டும் சேர்த்துப் பழக்குகிறார் என்று நீ சொன்னபோது, கண் தெரியாதவர்களுக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று அவரையே கேலி செய்தேன். அவர் நிறத்தைச் சொல்லித் தருவதில்லை, நிறம் இல்லாமல் பிழைக்கச் சொல்லித் தருகிறார் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. விளக்கின் நிறத்தைப் பார்க்காதே, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார். இறங்கும்போது ஓடுபாதை விளக்கு நிறத்தால் உயரம் சொல்லும் என்று நம்பாதே, தூரத்தையும் உயரத்தையும் நீயே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வா. ரேடியோ ஒன்று கெட்டால் கையில் இன்னொன்று வைத்திரு. அதுவும் கெட்டால் கோபுரம் இல்லாத சின்னத் தளத்துக்குப் போ. பொழுது எத்தனை மணிக்குச் சாயும் என்று சொல்லாமல் விமானத்தைத் தொடாதே. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: தெரியாததைத் தெரியவில்லை என்று உரக்கச் சொல். நிறத்தைத் தப்பாகச் சொன்னால் அவர் கோபிக்க மாட்டாராம், ஊகித்துச் சரியாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு இறக்கிவிட்டுவிடுவாராம். இதை நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சரியாகச் சொன்னவளை ஒருவர் ஏன் இறக்கிவிட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. முப்பது வருஷமாக ஊகித்தே சோறு தின்றவனுக்கு எப்படிப் புரியும்? தனியாகப் பறந்த அன்றைக்கு எதிர்க்காற்றில் நேரம் தப்பி, சூரியன் இன்னும் நாலு விரற்கடை மேலே இருக்கும்போதே பேர் தெரியாத ஊரில் இறங்கி நின்றாயே, அவர் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து உன் முதுகில் தட்டிக் கொடுத்தாரே. நான் போனில் என்ன சொன்னேன்? "இன்னும் பத்து நிமிசம் ஓட்டிருந்தா வந்திருக்கலாமே." நல்லவேளை, நீ அவர் பேச்சைக் கேட்கிறாய்.

இந்தத் திங்கட்கிழமை பாய்க்குக் கண் ஆபரேஷன். புரை. துணைக்கு நான் போனேன், என் கண்ணுக்கு ஆபரேஷன் என்றால் நான் போகாமல் யார் போவது? கட்டுப் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு டாக்டரம்மா மருந்து எழுதிக்கொண்டிருந்தார். சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, தெரிஞ்ச புள்ள ஒண்ணு, பொம்பளப் புள்ள, செவப்பு பச்ச தெரியல, எப்படி வந்திருக்கும் என்றேன். "பொண்ணுக்கா? அபூர்வமாச்சே. அப்ப அப்பாவுக்கு நிச்சயமா இருக்கும். அம்மா வழியிலயும் வந்திருக்கணும். சொந்தத்துல கட்டுனவங்களா?" என்றார். "ஆமா, அக்கா மக. ஆனா அப்பாவுக்கு இல்லையாமே?" என்றேன். அவர் பேனாவை நிறுத்தினார். "பொறவியிலயே இருக்கிற கொறைன்னா அப்பாவுக்கு இல்லாம பொண்ணுக்கு வராதுங்க. நரம்புக் கோளாறா இருந்தா ஸ்கேன்ல தெரியும். அதுவும் இல்லன்னா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, "சரி, அது அவங்க குடும்ப விசயம்" என்று எழுந்து போய்விட்டார்.

நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். உன்னை அங்கே ஸ்கேன் எடுக்கச் சொன்னதும், அதில் ஒன்றும் இல்லை என்று வந்ததும், நீ அம்மாவிடம் பேச்சைக் குறைத்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அப்பாவுக்கு இல்லையென்றால் நீ எனக்குப் பிறந்தவளே இல்லை என்றுதானே நினைத்திருப்பாய்? என் மானத்துக்கு ஒரு பொய் சொன்னேன் தாயி. அது என்மேல் ஒரு துளி தெறிக்கவில்லை. பிறந்ததிலிருந்து என்னைத் தவிர வேறு முகம் நினைக்காத ஒருத்தியின் மேல் முழு வாளியாகக் கவிழ்ந்திருக்கிறது. அவளோ, தாய் வழியில் வருகிற குறை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தன்னால்தான் பிள்ளைக்கு இந்தக் கதி என்று தெப்பக்குளம் மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிச் சாத்தி, ஒன்பது வாரமாக மீன் சட்டியைத் தொடாமல் இருக்கிறாள். நானும் அவளோடு போய்ப் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பாய் கட்டுப் போட்ட கண்ணோடு என் பக்கம் திரும்பினார். "கேட்டுச்சா அண்ணே?" "கேட்டுச்சு." "அந்த லென்ஸ அனுப்பிட்டீங்களா?" "அது போய்ச் சேந்துருச்சு பாய்." "யா அல்லா. செவுத்துக்குன்னா மேல ரெண்டாவது கோட்டிங் அடிக்கலாம்ணே. புள்ள ஆகாசத்துல போறா. அவ பின்னாடி ஆளுக உக்காந்து தூங்குவாக" என்றார். இருபது வருஷத்தில் அவர் என்னைக் கடிந்துகொண்டது அந்த ஒரு தடவைதான். அதையும் இருமாமல் சொன்னார்.

நேற்று மத்தியானம் உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, "சரசு, எனக்குச் செவப்பு பச்ச தெரியாது" என்றேன். "ஒங்களுக்கு எதுதான் தெரியும்?" என்றாள், தலை தூக்காமல். "வெளையாட்டில்ல. பொறந்ததுல இருந்தே தெரியாது. ரயில்வேக்காரன் அதுக்குத்தான் தள்ளிவிட்டான்." "நேத்து ஒருத்தரு காலப் பிடிச்சாருன்னீங்க, இன்னைக்குத் தள்ளிவிட்டான்ங்கிறீங்க. சும்மா இருங்க மாமா." வாழ்நாளெல்லாம் அளந்தவனுடைய கதியைப் பார்த்தாயா? உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் அதற்குள் போக எனக்கே வழி இல்லை. கெஞ்சினேன். கடைசியில் அவள் எரிச்சலோடு போய்க் கொடியில் கிடந்த இரண்டு ஜாக்கெட்டை எடுத்து வந்து முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது என்ன? அது என்ன?" வழக்கம் போல ஊகிக்க நாக்கு துடித்தது. "தெரியல" என்றேன். மூன்றாவதாக ஒன்றை எடுத்து வந்தாள். "தெரியல." அப்போதுதான் அவள் கீழே உட்கார்ந்தாள். டாக்டரம்மா சொன்னதை, சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னேன். நீண்ட நேரம் கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். "அப்ப அந்தப் புள்ள... இந்த ரெண்டு மாசமா என்னையவா அப்பிடி நெனச்சுக்கிட்டு இருந்துச்சு?" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "எந்திரிங்க" என்றாள். "எங்க?" "ஆஸ்பத்திரிக்கு. நீங்க சொன்னா இனிமே எவன் நம்புவான்? எழுதி வாங்கணும்."

மகளே, வெள்ளிக்கிழமை பற்றிச் சொல்கிறேன், இதைக் கட்டளையாக அல்ல, தோற்றவன் சொல்வதாகக் கேள். அந்த லென்ஸைப் போடாதே. வெறும் கண்ணோடு போ, அல்லது போகாதே, இரண்டில் எது என்று உன் கேப்டனோடு உட்கார்ந்து நீயே முடிவு செய். போனால், தெரிகிற விளக்கைச் சொல். தெரியாத விளக்குக்குத் தெரியவில்லை என்று சொல். அப்படிச் சொன்னால் பெயில்தான், உனக்காக அந்தக் கோபுரம் இரக்கப்படாது. எல்லாம் நன்மைக்கே என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். ராத்திரி வானம் உனக்குப் பூட்டியே கிடக்கலாம். நீ ஆசைப்பட்ட வேலை கிடைக்காமலே போகலாம். அது அநியாயம்தான், அதை நான் மாற்ற முடியாது. ஆனால் லென்ஸோடு பாஸானாய் என்று வை, அப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் ஓடுபாதை விளக்கைப் பார்த்து ஊகிக்க வேண்டும், பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஊகிக்க வேண்டும், இருமிக் காட்ட அங்கே பாய் இருக்க மாட்டார். ஊகித்தே பிழைக்கிற அந்த அறைக்குள் நான் இருந்து பார்த்தவன். வெளியே வர முடியாது, வெளியே வந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அதே புள்ளிப் புத்தகம். முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்றேன், மற்ற எல்லாப் பக்கத்துக்கும் தெரியவில்லை என்றேன். டாக்டரம்மா என்னையும் உன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுதினார். பிறவியிலிருந்தே சிவப்பு பச்சை நிறக்குறை என்று என் பெயருக்குக் கீழே எழுதி, முத்திரை குத்தி, தாளை என் பக்கம் நீட்டினார். நடுவில் உன் அம்மா கை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் அதை மூன்று தடவை படித்து, நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். என்னிடம் காட்டவில்லை. கேட்க எனக்குத் துணிச்சலும் இல்லை. காளவாசல் சிக்னலில் நிற்கும்போது, "புள்ளைக்கு நானே அனுப்புறேன், ஒங்க கையால வேணாம்" என்றாள். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்தாள். இரண்டு தடவை மங்கலாக விழுந்தது, மூன்றாவது சரியாக வந்தது. இந்நேரம் அதை நீ பார்த்திருப்பாய். உன் டாக்டரிடமும் கொடு. லென்ஸை என்ன செய்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், அவளைக் கூப்பிட்டுச் சொல். அவள் நம்பிக் கேட்கிற மாதிரி ஒரு சொல் சொல்ல, இந்த வீட்டில் இனி நீ ஒருத்திதான் இருக்கிறாய்.